மாலை நேரத்து நாற்பத்தெட்டு

4.4.1984, புதன். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். சோனாமீட்டர் சோதனையில் பழனிவேலுக்கு விடை நாற்பத்தெட்டு என்று வந்தது. தவறு என்று சொல்லிவிட்டேன். கம்பியைத் தொட்டுப் பார்க்கவில்லை. எடையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

எழுதி முடித்த கமலவேணி, 'சிறிய' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். அடிக்கவில்லை. மாணவர்களிடம், எழுதியதை அழிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். நாட்குறிப்பை மூடி வைத்துவிட்டு, ஆறிப்போன சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தாள். பசிதான் என்று உட்கார்ந்தாள். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அரியலூர் மாலைக் கல்லூரியில் இயற்பியல் செய்முறை சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டராக அவள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம் வாலிகண்டபுரம். தினமும் பஸ்ஸில் போய்வர உடம்பு இடம் கொடுக்காததால் அரியலூரிலேயே ஓர் அறை எடுத்திருந்தாள். பகலில் ஒரு கல்லூரி, மாலையில் ஒரு கல்லூரி, கட்டடம் மட்டும் ஒன்று. பகல் பிள்ளைகள் விட்டுப்போன சாக்பீஸ் தூசி அடங்குவதற்குள் மாலைப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் என்று சொல்வது வாய்ப்பழக்கம். பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள், தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர்கள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை இணைத்துவிடுகிறவர்கள். ஆறரை மணிக்கு உள்ளே வரும்போதே கண்கள் பாதி மூடியிருக்கும். அந்தக் கண்களிடம்தான் அளவுகோலில் மில்லிமீட்டரைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் செய்முறைத் தேர்வில் நாலு பேர் தவறினார்கள். அதில் பழனிவேலின் கதை கல்லூரி முழுவதும் பரவிவிட்டது. சோனாமீட்டர்தான் அவருக்கு விழுந்தது. நீளப்பெட்டி ஒன்றின் மேல் இழுத்துக் கட்டிய கம்பி, அதன் நுனியில் தொங்கும் எடை, கம்பிக்குக் கீழே நகர்த்தக்கூடிய இரண்டு சிறு மரப்பாலங்கள். கம்பியில் கரண்டை விட்டு நடுவில் காந்தத்தை வைத்தால் கம்பி துடிக்கும். பாலங்களை நகர்த்திக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் கம்பி மேல் மடித்துப் போட்ட காகிதத்துண்டு துள்ளி விழும். அந்த நீளத்தையும் எடையையும் கம்பியின் கனத்தையும் வைத்து, வீட்டுக்கு வரும் கரண்ட் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று கணக்குப் போடலாம். புத்தகத்தில் ஐம்பது என்று இருக்கிறது.

பழனிவேலும் ஐம்பது என்றுதான் எழுதினார். ஆனால் கம்பியின் கனத்தை நிறுத்துப் பார்க்காமல், சீனியர் ஒருவரின் பழைய ரிக்கார்டு நோட்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். அந்த சீனியர் காலத்தில் இருந்தது இரும்புக் கம்பி. அதற்கப்புறம் மாற்றிக் கட்டியது பித்தளைக் கம்பி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லோர் முன்னிலையிலும் கம்பித்துண்டை தராசில் வைத்துக் காட்டிவிட்டு, "இரும்போட கனத்தப் போட்டு, பித்தளைக் கம்பியில அம்பதா? கயிறக் கட்டினாக் கூட உனக்கு அம்பதுதாம்பா வரும்" என்றாராம்.

ஆய்வுக்கூடத்து அலமாரியில் அப்படிப்பட்ட ரிக்கார்டு நோட்டுகளைச் சணல் போட்டுக் கட்டி வைத்திருப்பவர் அட்டெண்டர் அய்யம்பெருமாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பார். அவரைக் கேட்டால் பிள்ளைகளுக்கு உதவுகிறேன் என்பார். அதுவும் பொய்யில்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்கள் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற அளவுகளை அப்புறம் நிரப்புவது அங்கே சமையலில் உப்புப் போடுவது மாதிரி. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

அதற்காகத்தான் கமலவேணி இந்த வருஷம் முன்வகுப்பு ஒன்றை ஆரம்பித்தாள். கருவியைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம். இன்றைக்கு என்ன பார்க்கப் போகிறோம், எது கூடினால் எது குறையும், எங்கே கை தவறும், கண் எங்கே ஏமாறும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சூத்திரம் கடைசியில்தான். ரிக்கார்டு நோட்டு பைக்குள்ளேயே இருக்க வேண்டும். அளவுகளைப் பேனாவால் எழுத வேண்டும். துறைத்தலைவர் தர்மராஜ் சார் சிரித்துக்கொண்டே சம்மதம் கொடுத்தார். ரிசல்ட் வரட்டும், அடுத்த வருஷம் இருக்குமா இருக்காதா என்று அப்புறம் பார்க்கலாம் என்றார்.

தூக்கத்தில் சாய்கிற தலைகளுக்கு நடுவே வருஷம் முழுக்க அந்த அரை மணி நேரத்தை அவள் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பலன் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. பழனிவேல் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஆலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு டோக்கன் போடுவது அவர் வேலை. ஆலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியாகிறது, ஜூனுக்குள் டிகிரியைக் காட்டினால் உனக்குத்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். எழுத்துத் தேர்வெல்லாம் முடித்துவிட்டார். இந்தச் செய்முறை ஒன்றுதான் பாக்கி. தவறியவருக்குத் தவறிய சோதனையையே கொடுப்பது தேர்வாளர்கள் வழக்கம் என்பதால், சோனாமீட்டர்தான் அவருக்கு வரும் என்பதும் நிச்சயம்.

அப்படிப்பட்டவரிடம்தான் புதன்கிழமை, முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்காமல், தவறு என்று சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் புதிய தாளில் அளவுகளை எழுதிக்கொண்டு வந்தார். விடை ஐம்பது புள்ளி ஒன்று. கமலவேணி தாளைக் கையில் வாங்கி எண்களை வரிசையாகப் படித்தாள். உண்மையில் அளந்த எண்கள் கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும். இவை படிக்கட்டு மாதிரி ஒரே சீராக இறங்கின. இவை கம்பியிலிருந்து வந்தவை அல்ல.

மறுபடி அளந்தீர்களா என்று கேட்டாள். பழனிவேல் பொய் சொல்லவில்லை.

"புதன்கிழமை மூணு தடவ அளந்தேன் மேடம். மூணு தடவயும் நாப்பத்தெட்டுதான். நீங்க தப்புன்னீங்க. உங்க பேச்சா, எங் கண்ணான்னு பாத்தேன். ஒரு தடவ பெயிலானவன் கண்ண யாரு நம்புவா?"

அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, மற்றத் தாள்களோடு சேர்த்து வைக்கவும் இல்லை. பக்கத்து மேசையில் தன் கணக்கை முடித்துக்கொண்டிருந்த ஜெகதாம்பாள் எழுந்து வந்தாள். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவள். யாரிடமும் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

"அவர மட்டும் ஏன் மேடம் கேக்கறீங்க? எங்க எல்லாருக்கும் நாப்பத்தெட்டு, நாப்பத்தெட்டரன்னுதான் வந்துச்சு. நாங்க கமுக்கமா அம்பதாக்கிட்டோம். இவருதான் வெவரம் தெரியாம உங்ககிட்ட வந்து சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் யாரும் மறுக்கவில்லை. பன்னிரண்டு பேர். வருஷம் முழுக்க அரை மணி, அரை மணியாக அவள் சொன்னதெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகப் போயிருந்தது. சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஒருவரையும் அவளே கெடுத்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பெட்டிகளை மூடிக்கொண்டு வந்த அய்யம்பெருமாள்தான் ஆறுதல் சொன்னார். "இதுக்குப் போயி எதுக்கும்மா வெசனப்படுறீங்க? நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து இந்தப் பொட்டியில அம்பதுதான் வருது."

சனிக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, நடுப்பகலில் கல்லூரிக்குப் போனாள். சாவியை வாங்கித் தனியாக உள்ளே நுழைந்தபோது வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ வந்துவிட்டது மாதிரி இருந்தது. அந்தக் கூடத்தைக் குழல்விளக்கு வெளிச்சத்தில்தான் அவளுக்குப் பழக்கம். வெயிலில் பார்த்தபோது சுவரின் நிறமே வேறாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமர இலைகளில் சிமெண்ட் தூசி படிந்திருந்தது.

கம்பியை நிறுத்தாள். எடைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தன. பாலங்களை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். காகிதம் நடுங்கியது, துள்ளியது, விழுந்தது. கணக்குப் போட்டாள். ஐம்பதுக்குத் துளி குறைவு.

அவளுக்கு ஒரு சந்தேகம் தீர்ந்தால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் கம்பி நீண்டிருக்குமோ? நீண்டாலும் தொங்கும் எடை மாறாதே. தன் கைதான் ஐம்பதை நோக்கிப் போயிற்றோ? கண்ணை மூடிக்கொண்டு பாலத்தை நகர்த்தி, காகிதம் விழுந்த பிறகு திறந்து பார்த்தாள். அதே இடம். பையில் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, எதையும் தொடாமல் பொழுது சாய்வதற்காகக் காத்திருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. தெருவில் கடைகளின் விளக்குகள் எரிந்தன. கூடத்துக் குழல்விளக்கு வழக்கம்போலக் கண்ணடித்து, இரண்டு தடவை உறுமி, அப்புறம் எரிந்தது. அதே கம்பி. அதே எடை. பாலங்கள் பகலில் நின்ற இடத்திலேயே நின்றன. காகிதம் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை. பாலங்களைக் கொஞ்சம் விலக்கினாள். இன்னும் கொஞ்சம் விலக்கினாள். விழுந்தது. நாற்பத்தெட்டுக்குச் சற்று மேல்.

வெளியே யாரோ காதுகுத்துக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். காலையில் கணீரென்று கேட்ட அதே நாகஸ்வர இசைத்தட்டு இப்போது இழுத்து இழுத்துப் பாடியது. சாயங்காலமானால் இசைத்தட்டு இழுக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மைக்செட்காரரைக் கேலி செய்வார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். ஊரூராக ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டால் கரண்டின் துடிப்பே தளர்ந்துவிடுகிறது. கம்பி அதைத்தான் சொல்கிறது. பழனிவேலும் அதைத்தான் சொன்னார். ஊருக்கெல்லாம் காதில் விழுவதை அவள்தான் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை தர்மராஜ் சாரிடம் போய் வரிசையாகச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

தெரியும் என்றார். வேலைக்கு வந்த புதிதில் தானும் இதைக் கண்டுபிடித்ததாகவும், அந்த வருஷம் பிள்ளைகளை நாற்பத்தெட்டு என்றே எழுதச் சொன்னதாகவும் சொன்னார். வந்த தேர்வாளர் பகல் கல்லூரிக்காரர். உங்கள் ஊர்க் கரண்டுக்கு மட்டும் தனிப் புத்தகமா என்று கேட்டாராம். மூன்று பேர் தவறினார்கள். அதில் ஒருவன் அதற்கப்புறம் கல்லூரிப் பக்கமே வரவில்லை.

"ஏம்மா, நான் பொய் எழுதச் சொல்றவன்னு நெனைக்காதீங்க. இவங்க ஒவ்வொருத்தரும் எப்படி வந்து உக்கார்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். பழனிவேலு நாப்பத்தெட்டுன்னு எழுதி, வர்ற ஆளு ஒத்துக்கலேன்னா என்ன பண்ணுவீங்க? அந்த வேலைய நீங்க வாங்கிக் குடுப்பீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தணிந்த குரலில், "நீங்க என்ன சொன்னாலும் அவன் எழுதுவான்மா. அதான் எனக்குப் பயம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவள் செவ்வாய்க்கிழமை முழுவதையும் ஓட்டினாள். வியாழக்கிழமை மாலை தேர்வு. அதற்கு முந்தின கடைசி முன்வகுப்பு செவ்வாய் மாலைதான். கல்லங்குறிச்சித் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்கள் பிதுங்கிக்கொண்டிருந்ததால் சிலர் தாமதமாக வந்தார்கள். பன்னிரண்டு பேரும் உட்கார்ந்த பிறகு, பழனிவேலின் அளவு சரி, தான் சொன்னதுதான் தவறு என்றாள். சனிக்கிழமை அளந்ததைச் சொன்னாள். இசைத்தட்டைச் சொன்னாள். தர்மராஜ் சார் சொன்ன மூன்று பேரையும் மறைக்காமல் சொன்னாள்.

பின்வரிசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாருமா நாப்பத்தெட்டுன்னு எழுதினா, ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிட்டோம்பாங்க மேடம்" என்றாள் ஜெகதாம்பாள். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. தூங்கியவர் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

பழனிவேல் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, தேர்வில் எதை எழுதுவது, நேராக ஒரு பதில் வேண்டும் என்று கேட்டார். கண்ணால் கண்டதை எழுதுங்கள் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அது சரியான பதில்தான். ஆனால் அதைச் சொன்னால், ஐம்பது என்று எழுதியது போலவே இதையும் எழுதிவிடுவார். தேர்வாளர் ஒரு அதட்டல் போட்டதும் மேடம் சொன்னார்கள் என்பார். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இருக்காது.

"தெரியலைங்க" என்றாள். "நான் ஒரு தடவ சொன்னேன், மாத்திக்கிட்டீங்க. இப்ப மறுபடி சொன்னா மறுபடி மாத்திக்குவீங்க. அதனால நான் சொல்ல மாட்டேன்."

இதைச் சொல்வதற்கு ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் தேவையா என்று அவளுக்கே தோன்றியது. பழனிவேல் உட்காரவில்லை. சோனாமீட்டர் இருந்த மேசையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"பகல்ல அம்பது வருதுன்னு நீங்க சொல்றீங்க" என்றார் மெதுவாக. "நான் பாக்கலையே மேடம். நாலு வருஷமா வரேன், இந்த லேப்ப வெளிச்சத்துல ஒரு நாள்கூடப் பாத்ததில்ல."

கமலவேணி நிமிர்ந்தாள். அவள் சொன்னதை ஒருவர் நம்ப மறுத்தது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கோபம் வரவில்லை. நாள் முழுக்கத் தலையில் இருந்த சுமையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கியது மாதிரி இருந்தது.

முன்வகுப்பு அதோடு நின்றது. பழனிவேல் போய்க் கம்பியில் எடையைத் தொங்கவிட்டார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். காகிதம் விழுந்ததும் பாலங்கள் நின்ற இடத்தில் பெட்டியின் மேல் சாக்பீஸால் இரண்டு கோடுகள் கிழித்தார். நாளைக்குப் பகலில் இதே கோட்டில் பாலத்தை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். காகிதம் விழுந்தால் மேடம் சொன்னது தப்பு, விழாவிட்டால் கரண்ட்தான் மாறுகிறது. நாளைக்கு வகுப்பு இல்லாததால் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம், பகல் பன்னிரண்டுக்கு வந்துவிட்டு இரண்டு மணி ஷிப்டுக்குப் போய்விடுவேன் என்றார்.

தேர்வாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு நேரமும் நானே பாத்திருந்தா, என்னால பதில் சொல்ல முடியும் மேடம். உங்க பேர இழுக்க மாட்டேன். போன வருஷம் தராசுல வச்சுக் காட்டுனப்ப எனக்கு வாயே வரல. எங்கிட்ட ஒண்ணும் இல்ல, அதான்."

சோதனைக்கூட வேலை கிடைக்காமல் போனால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது இருவருக்கும் தெரியும்.

புறப்படும்போது அய்யம்பெருமாள் பெட்டியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். சர்க்கார் சாமான் மேலே கோடு போட்டிருக்கிறார்கள், காலையில் துடைக்க வேண்டியது யார் தலையெழுத்து என்றார். நாளைக்கு மட்டும் துடைக்க வேண்டாம் என்று கமலவேணி இரண்டு தடவை சொன்னாள். சரி சரி என்றார். அந்தச் 'சரி'யை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டே அறைக்கு நடந்தாள். வழியில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரிந்தது. எல்லாம் மங்கலாகத்தான் எரிந்தன.

10.4.1984, செவ்வாய். தவறைச் சொல்லிவிட்டேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. பழனிவேல் நான் சொன்னதை நம்பவில்லை. நல்லது என்று நினைக்கிறேன்.

நாளை: காலையில் அய்யம்பெருமாள் துடைப்பதற்கு முன் போய், கோடுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பழனிவேல் வருவார். அதே கம்பி, அதே எடை. அவர் அளப்பார். அவர் முடிக்கும்வரை நான் பேசக் கூடாது.